பச்சைப் பல்லியும் சுவர்ப் பல்லியும்

புதுச்சேரியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தமையனார் பல வருஷங்களாக ரெயூனியன் தீவில் குடியிருக்கிறார். வரும் கோடையில் குடும்பத்துடன் ஊருக்கு வருகிறார். சகோதரியின் பத்து வயதுப் புதல்வன் மாமாவிடம் டெலிபோனில் கேட்டிருக்கும் பரிசு கடிகாரமும் அல்ல, கால் பந்தும் அல்ல. ஒரு ஜோடி பச்சைப் பல்லி! "எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஓடுகின்றன, பிடித்து ஒரு டப்பியில் போட்டுக் கொண்டு வருகிறேன்" என்று மாமாவும் வாக்களித்துவிட்டார். "வீட்டில் இருக்கிற பல்லிகளை ஓட்டவே எனக்குப் பொழுது போதவில்லை. ஆனாலும் பிள்ளை அழுகிறான். நம் ஊர் வெயிலில் அவை பிழைக்குமா? குட்டி போடுமா? வளர்க்கலாமா, கூடாதா? உங்கள் பத்தியில் விடை எழுதுங்கள்" என்பது சகோதரியின் கேள்வி.

முதலில் ஒரு சிறு திருத்தம். பல்லி குட்டி போடாது, முட்டையிடும். மற்றக் கேள்விகளுக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்ல இயலாது. பிள்ளையின் ஆசையோ அலட்சியம் செய்யத் தக்கதன்று. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் பக்தியுடன் தொட்டு வணங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தைத் தேடுகிறவர்கள் நாம். நம்மிடையே ஒரு பல்லியை அழகென்று கண்ட பிள்ளைக்கு நல்ல கண் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

பல்லிக் குலத்தில் பெரும்பாலானவை இரவில் இரை தேடுகிறவை. ஆனால் பெல்சூமா என்ற இனம் சூரியன் உதித்த பிறகே நடமாடும். ஆகவே அதற்குப் பகல் பல்லி என்று பெயர். மரகதப் பச்சை மேனி, முதுகிலே குங்குமம் தெளித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள், இமையில்லாத வட்டக் கண்கள். கண்ணில் தூசி விழுந்தால் நாவினாலேயே துடைத்துக் கொள்ளும். 50-க்கு மேற்பட்ட வகைகள் உள்ள இவ்வினத்தின் தாயகம் மடகாஸ்கரும் அதைச் சுற்றியுள்ள மொரீஷியஸ், ரெயூனியன், கொமோரோ, செய்ஷெல்ஸ் முதலிய தீவுகளுமே. ஒரே ஒரு வகை மட்டும் சமுத்திரத்தின் இந்தக் கோடியில், நமது அந்தமான் தீவுகளில், தென்னையிலும் வாழையிலும் வீட்டுச் சுவர்களிலும் வாழ்கிறது. கல்கத்தா ஆசியக் கழகத்தின் பொருட்காட்சிசாலையைப் பராமரித்துவந்த எட்வர்ட் பிளைத் என்பார் 1861-இல் அதை விவரித்து, அந்தமானின் பெயரையே சூட்டினார்.

இப்பல்லிகள் பூச்சி தின்பதோடு நிற்பதில்லை. பூவிலே தேனும் பருகுகின்றன. மொரீஷியஸில் சில அபூர்வச் செடிகள் காய்ப்பதற்கு வண்டை நம்பியிருக்கவில்லை. பகல் பல்லியையே நம்பியிருக்கின்றன. பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்து செல்வது அதன் மூக்குத்தான். பல்லி குறைந்தால் பூவும் குறையும் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வளர்க்கும் முறை. குளிர் தேசத்தார் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மின்சார விளக்கால் சூடேற்றி, நீர் தெளித்து, மிகுந்த செலவில் காப்பாற்றுகிறார்கள். பெட்டி அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக இருக்க வேண்டும். உள்ளே மூங்கில் கழிகளும் அகன்ற இலைச் செடிகளும் வேண்டும். பகலில் சுமார் 28 முதல் 30 டிகிரி வரை வெப்பமும், இரவில் சற்றுக் குறைவும் போதும். கிண்ணத்தில் வைத்த நீரை இவை பெரும்பாலும் நாடமாட்டா. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். எலும்பு உறுதிப்படச் சூரியனின் புற ஊதாக் கதிரும், இரையின்மீது தூவும் சுண்ணச் சத்துப் பொடியும் வேண்டும். கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுமாதலால், ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வெயில் காட்டியதாக எண்ணிவிடக் கூடாது. கையில் பிடித்துக் கொஞ்சுவதும் ஆகாது. அதன் மெல்லிய தோல் உரிந்து நம் விரலோடு வந்துவிடும்.

இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் யுத்தந்தான். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி இணங்கிவிட்டால், பருவத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறை பெண் பல்லி பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணத்தை அது கழுத்தின் இரு பக்கத்திலும் பைகளில் சேமித்து வைத்திருப்பது வெளியிலேயே தெரியும். சில வகைகள் முட்டையைக் கழியில் ஒட்டிவிடும். சில இலைக்கக்கத்தில் சும்மா விட்டுவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த இடத்தின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் ஏறினால் ஆண்கள் மிகும். அளவுக்கு மிஞ்சி ஏறினால் முட்டையே கெட்டுவிடும். பெற்றோர் என்றும் பாராமல் பெரிய பல்லிகள் குஞ்சை விழுங்கக் கூடுமாதலால், குஞ்சுகளைத் தனியே வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் புதுச்சேரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்காற்றின் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை இருக்கிறது. தை மாதத்து இரவிலும் நடுங்கும் குளிர் இல்லை. மே மாதத்தில் 37 டிகிரியும், சில நாட்களில் 40-க்கு மேலும் ஏறுகிறதே என்ற ஒரு கவலைதான் உண்டு. அதற்கும் முற்றத்து நிழலும், தாழ்வாரமும், கம்பி வலைக் கூண்டும், இருவேளை நீர்த் தெளிப்பும் பரிகாரமாகும். எனவே, பிழைக்குமா என்று கேட்ட சகோதரிக்கு நமது விடை: பேஷாகப் பிழைக்கும். பாரிஸ் நகரத்தார் பெருஞ்செலவு செய்து உண்டாக்கும் சீதோஷ்ணத்தைப் பகவான் நமக்கு இனாமாகவே அளித்திருக்கிறார்.

ஆனால் அபாயமும் அந்த இனாமில்தான் இருக்கிறது. பாரிஸில் கூண்டு திறந்துகொண்டால் ஓடிய பல்லி முதல் குளிரிலேயே மாண்டுபோகும், கதை முடிந்தது. புதுச்சேரியில் ஓடினால் அடுத்த வீட்டுத் தென்னையில் குடித்தனம் வைக்கும். வளர்ப்பது எளிதாக இருக்கும் ஊரிலேதான் வளர்ப்பது பிழையாக முடியும்.

இது வீண் பயமன்று. மடகாஸ்கரில் ஒரு சாணுக்கு மேல் வளரும் பெரிய பகல் பல்லி ஒன்று உண்டு. அழகுக்காக அதை மொரீஷியஸுக்குக் கொண்டு போனார்கள். அது கூண்டைவிட்டு வெளியேறி, அத்தீவுக்கே உரிய சிறிய பகல் பல்லிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவற்றைத் தின்னவும் செய்கிறது. ரெயூனியனிலும், அமெரிக்காவின் புளோரிடாவிலும் அது வேரூன்றிவிட்டது. இன்னொரு வகையான பொன்துகள் பகல் பல்லியோ ஹவாய்த் தீவு வரை பரவிவிட்டது.

நம் வீட்டுப் பல்லியும் இந்த விஷயத்தில் நிரபராதி அல்ல. அதன் முட்டை ஓடு கெட்டியானது, எளிதில் உலராது. ஆகையால் அது சரக்கு மூட்டைகளோடு கப்பலேறி உலகின் வெப்ப நாடுகளுக்கெல்லாம் போய்விட்டது. மொரீஷியஸில் அது குடியேறிய பிறகு, அங்கே பூர்விகமாக இருந்த சிறு இராப்பல்லிகள் பெரிய தீவை இழந்து கரையோரக் குட்டித் தீவுகளில் ஒதுங்கின. நமது சுவரிலே சாதுவாக இருக்கும் அதே பிராணிதான்! பிராணியிடம் குற்றமில்லை, இடம் மாற்றிய மனிதனிடமே குற்றம்.

புதுச்சேரிக்கும் அத்தீவுகளுக்கும் உறவு புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் லபூர்தொனே கவர்னராக இருந்தபோது, இங்கிருந்து சென்ற கொத்தர்களும் தச்சர்களும் மொரீஷியஸின் போர்ட் லூயி நகரை எழுப்ப உழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் ரெயூனியனின் கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்தினர். அந்தச் சந்ததியார் இன்றும் அங்கே தீமிதி விழா நடத்துகிறார்கள். உறவினர் போகவும் வரவும் வேண்டியதுதான். ஆனால் உறவுக்கு அடையாளமாகக் கொண்டுவரத் தக்கவை பல இருக்க, உயிருள்ள பல்லி ஏன்?

இனி, மாமாவின் வாக்கைப் பற்றி. அவர் வீட்டுச் சுவரில் ஓடுவது எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. அது ரெயூனியனுக்கே உரிய வகையாக இருந்தால், அதைப் பிடிப்பதே அங்கே சட்டவிரோதம். அவ்வகைகளில் ஒன்றான மனபனிப் பகல் பல்லி, தீவின் தென்கரையில் தாழை இனத்து மரங்கள் நிற்கும் ஒரு சிறு பட்டையில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் ஒன்றாகச் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அல்லது அது மடகாஸ்கரிலிருந்து வந்து பரவிய வகையாக இருந்தால், ஒரு தீவைக் கெடுத்த பிராணியை நாமே டப்பியில் போட்டு அழைத்து வருகிறோம் என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் டப்பி ஆகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையில் நமது தேசம் 1976-இல் சேர்ந்தது. பகல் பல்லி இனம் முழுவதும் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரங்களின்றி எல்லை தாண்டலாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, இத்தகைய அந்நியப் பிராணிகளை வைத்திருப்போர் சர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அதற்கான முறைகள் 2024-இல் வெளியாயின. பிராணி குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். தமையனார் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் முன்னே டப்பியைத் திறந்து காட்டி நிற்கும் காட்சியைச் சகோதரி விரும்பமாட்டார் என்று நம்புகிறோம்.

முறைப்படி பதிவு செய்து ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு நாம் சொல்வது இரண்டே. கூண்டுக்கு இரட்டைக் கதவு வையுங்கள். அலுத்துப் போனால் தோட்டத்தில் விடாதீர்கள். அது ஜீவகாருண்யம் போலத் தோன்றும் பெரும்பிழை. பத்து வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. அத்தனை காலமும் பொறுப்பேற்க முடியாதவர் தொடங்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்வது? வெறுங்கையோடு அவனை அனுப்ப நமக்கு மனமில்லை. சுதேசி என்பது துணிக்கு மட்டுந்தானா? 1816-இல் பிரெஞ்சுச் சர்க்கார் லெஷனோ என்ற தாவர சாஸ்திரியைப் புதுச்சேரிக்கு அனுப்பிற்று. அவர் 1822-இல் திரும்பும் வரை நம் நாட்டுச் செடிகளையும் பிராணிகளையும் தேடித் திரட்டினார். நம் புளிய மரத்திலும் வேப்ப மரத்திலும் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் மரப்பல்லிக்கு 1836-இல் சாஸ்திரிகள் அவர் பெயரையே இட்டார்கள். கடல் கடந்து வந்தவருக்கு நம் ஊர்ப் பல்லி அதிசயமாகத் தோன்றிற்று. நமக்கோ கடலுக்கு அப்பாலுள்ள பல்லி வேண்டியிருக்கிறது!

சகோதரி ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும். விளக்கடியில் எத்தனை பல்லிகள் வருகின்றன, எது எதை விரட்டுகிறது, எத்தனை மணிக்குச் சப்தமிடுகிறது என்று பிள்ளை எழுதட்டும். வாலிழந்த பல்லி ஒன்று கிடைத்தால், புது வால் வளர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிடட்டும். சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலோ கதவு இடுக்கிலோ வெள்ளையாக இரண்டு முட்டைகள் இருந்தால், துடைப்பம் அங்கே போக வேண்டாம். முட்டையைப் புரட்டாமல், பக்கத்தில் பென்ஸிலால் தேதி மட்டும் குறித்து வைத்தால், ஒன்றரை இரண்டு மாதத்தில் நகத்தளவு குஞ்சு வெளிவருவதைக் காணலாம். வீட்டிலேயே பல்லி இனவிருத்தி. செலவில்லை, கூண்டில்லை, பத்திரமில்லை!

இதற்குச் சகோதரி செய்ய வேண்டியதும் சிறிது உண்டு. பூச்சி மருந்தைக் கண்டபடி அடிக்கக் கூடாது. பல்லியின் இரையை நஞ்சாக்கிவிடும். சமையல் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும். பல்லிக்கு விஷமில்லை, ஆயினும் அதன் எச்சத்தில் வயிற்றுக் கோளாறு உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு. தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவினால் போதும்.

மாமா தாராளமாக வரட்டும். டப்பிக்குப் பதிலாக, தம் வீட்டுச் சுவரிலும், கூடுமானால் மனபனிக் கரையின் தாழை மரத்திலும் எடுத்த படங்களைக் கொண்டு வரட்டும். அவர் படத்தை விரித்துக் காட்டும்போது மருமகன் தன் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டட்டும். யாருடைய பல்லி கெட்டிக்காரப் பல்லி என்று அன்று இரவு தாழ்வாரத்தில் தர்க்கம் நடக்கும். அதன் முடிவைச் சகோதரி நமக்கு எழுதினால், இந்தப் பத்தியில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.