சுவர் நின்றது, நினைவு நிற்குமா?

பழைய திரையரங்கு ஒன்று புதுப்பிக்கப்பட்டது என்ற செய்தி கேட்டவுடன் நம்மவருள் இரு சாரார் குரல் எழுப்புகின்றனர். "கூத்துக் கொட்டகைக்கும் ஒரு வரலாறா?" என்று இகழ்வோர் ஒரு சாரார். "படம் ஓடாத அரங்கு வெறும் கூடு, அதற்குப் புதுப்பூச்சு எதற்கு?" என்று புலம்புவோர் மறு சாரார். இவ்விரு கூற்றும் பிழையானவை. கோலாலம்பூர், சுல்தான் சாலையில் நிற்கும் ரெக்ஸ் அரங்கே அதற்குச் சான்று.

ரெக்ஸ் 1947இல் எழுந்தது, 1972இல் தீக்கிரையாயிற்று, 1976இல் மீண்டும் கட்டப்பட்டது, 2002இல் திரையரங்காக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. 2019இல் கட்டடக் கலைஞர்களின் முயற்சியால் கலை நிகழ்ச்சிகளும் உணவுக் கடைகளும் இடம்பெறும் பொதுமன்றமாகக் கதவு திறந்தது. பின்னர்ப் புத்தகக் கடையும் அங்கே வந்தது.

முதற் சாராருக்கு ஒரு வினா. தோட்டப்புறத்துத் தமிழன், வாரமெல்லாம் பால்மரத்தோடு போராடியபின், தன் மொழியை உரத்த குரலில் கேட்டு மகிழ்ந்த இடம் எது? கோயிலை விட்டால் திரையரங்கன்றோ! இந்நாட்டுத் திரைக்கலையிலும் தமிழருக்குப் பங்குண்டு. பி. ரம்லி முதன்முதல் கதைத்தலைவராக நடித்த 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழரே. இதனை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? கூத்தை இகழ்வோர் தம் பாட்டனின் வாழ்வில் ஒரு பாதியையே இகழ்கின்றனர்.

மறு சாராரின் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. துவாங்கு அப்துல் ரகுமான் சாலையிலுள்ள கொலிசியம் அரங்கைக் கையகப்படுத்தி மரபுடைமை மையமாக்க 2006இல் அரசு எண்ணியபோது, உரிமையாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு முறையானதே. ஏனெனில் அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது; மக்கள் வந்துகொண்டிருந்தனர். உயிரோடிருப்பதைக் காட்சிப்பொருளாக்குதல் தகாது. ஆயின் ரெக்ஸின் நிலை வேறு. பதினேழு ஆண்டுகளாகப் படமில்லாத கட்டடத்திற்கு இருந்த வழி இரண்டே: புதுப் பயன்பாடு, அல்லது இடிப்பு. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்ட பின்னரும், அம்பாங் சாலையின் போக் மாளிகை 2006இல் இடிக்கப்பட்டது. புடு சிறைச்சாலையின் மதில் 2010இல் வீழ்ந்தது. சட்டம் மட்டும் சுவரைக் காப்பதில்லை. ஆள் நடமாட்டமே காக்கிறது.

காஜாங் வாசகர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுங்கை பூலோ–காஜாங் ரயில் தடத்திற்காகச் சுல்தான் சாலைப் பழங்கடைகளின் நிலம் கேட்கப்பட்டபோது, 2011இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அத்தடம் 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்று காஜாங்கில் ஏறிப் பசார் செனியில் இறங்கினால் ரெக்ஸ் நடைதூரமே. எந்தத் தடம் அச்சாலைக்கு அச்சமாக வந்ததோ, அதுவே இன்று அங்கே மக்களைக் கொண்டு சேர்க்கிறது. இப்பயணத்தை நம் மாணவர் எதற்குப் பயன்படுத்தப் போகின்றனர்?

என் குற்றச்சாட்டு புதுப்பித்தோர் மீதன்று, நம் மீதே. அவர்கள் சுவரைக் காத்தனர். அச்சுவருக்குள் அமர்ந்தவரின் கதையைக் காக்கும் கடமை எழுத்தறிந்தோருடையது. ரெக்ஸுக்கு அருகிலேயே மெட்ராஸ் என்ற பெயரில் ஓர் அரங்கு இருந்தது. அரங்கு மறைந்தது, உணவுக் கடைகளுக்குப் புகழ்பெற்ற ஒரு சந்தின் பெயராக மட்டும் 'மெட்ராஸ்' எஞ்சியிருக்கிறது. நம் ஊரின் பெயரைக் காத்தது தமிழ் ஏடன்று. அங்கே பசியாற வருவோரின் நா! இதைவிட நாணத்தக்கது வேறென்ன?

தமிழாசிரியப் பெருமக்களே! 'நான் கண்ட கனவு' என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொன்னது போதும். தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்: எந்தத் தோட்டத்திலிருந்து, எப்படிப் படத்திற்குப் போனீர்கள்? சீட்டு என்ன விலை? எந்த வரிசையில் அமர்ந்தீர்கள்? வீட்டுப் பெட்டியடியில் கிடக்கும் பாட்டுப் புத்தகத்தையும் துண்டு விளம்பரத்தையும் திரட்டுங்கள். நாளும் இடமும் குறித்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். இதற்கு மானியம் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும்.

கட்டடம் இன்னும் பல்லாண்டு நிற்கும். அதில் படம் பார்த்த முதியோரோ ஆண்டுக்காண்டு குறைகின்றனர். அவர்கள் பேசும்போதே எழுதிக்கொள்வோம்.