காரணமற்ற கசிவு உண்டா?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீர், வளர்ந்த மனிதரிடம் சுமார் 150 மில்லிலிட்டர் அளவினதாகும். மூளை இந்நீரில் மிதப்பதால் அதன் பாரம் குறைகிறது. முதுகெலும்பினுள் இந்நீர் கசியுமாயின், நோயாளி எழுந்து நிற்கும்பொழுது மூளை சற்றே கீழிறங்குகிறது; தலைவலி உண்டாகிறது. படுத்தால் வலி தணிகிறது.

ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் ஷால்டென்பிராண்ட் 1938ஆம் ஆண்டில் இந்நிலையை விவரித்தார். ஊசி, அறுவை, பெருவிபத்து எதுவுமின்றித் தோன்றுவதால் இதனைத் 'தானாக நிகழும் கசிவு' என்பர். இப்பெயர் மயக்கத்திற்கு இடமளிக்கிறது. வெளிக்காரணம் இல்லை என்பது ஒன்று. காரணமே இல்லை என்பது வேறொன்று.

உண்மையில் மூன்று காரணங்கள் அறியப்பட்டுள்ளன. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் சுண்ணாம்பு படிந்து, முள்போல் நீண்டு, தண்டுவட உறையைக் கிழித்தல் முதலாவது. நரம்பு வேரின் அருகே உறை நலிந்து, பைபோல் புடைத்துக் கிழிதல் இரண்டாவது. இந்நீர் நேரே ஒரு சிரையினுள் வடிந்துவிடுதல் மூன்றாவது. இது 2014ஆம் ஆண்டில்தான் விவரிக்கப்பட்டது. இவ்வகையில் உறைக்கு வெளியே நீர் தேங்காமையால், வழக்கமான படங்களில் கசிவு புலப்படுவதில்லை. மார்ஃபான் நோய் போன்ற பிறவி இணைப்புத் திசுக் குறைபாடுகளும் உறையை நலிவுறச் செய்யும்.

காரணத்தைத் தேடுவது வெறும் ஆராய்ச்சி ஆர்வமன்று. நோயாளியின் இரத்தத்தையே எடுத்து உறையின் வெளிப்புறத்தில் செலுத்தும் சிகிச்சையால் பலர் குணமடைகின்றனர். ஆயினும் முள் கிழித்த துளைக்கு அறுவையும், சிரை வழிக் கசிவுக்கு அவ்வழியை அடைத்தலும் பெரும்பாலும் தேவைப்படுகின்றன. மண்டையோட்டினுள் தேங்கிய இரத்தத்தை மட்டும் அகற்றிக் கசிவை விட்டுவிட்டால், அது மீண்டும் தேங்கக்கூடும்.

ஆண்டுக்கு இலட்சம் பேரில் சுமார் ஐவருக்கே வருவதாக மதிப்பிடப்படும் நோய்க்காகத் தலைவலியுள்ள அனைவருக்கும் விலையுயர்ந்த சோதனைகள் வேண்டுமா எனக் கேட்கலாம். வேண்டியதில்லை. ஒரு கேள்வி போதும்: தொடக்கத்தில், படுத்தபொழுது வலி தணிந்ததா? நாளடைவில் இவ்வேறுபாடு மங்கிவிடுவதுண்டு. ஆதலால் தொடக்க நிலையைக் கேட்டறிதல் இன்றியமையாதது. ஆம் என்று விடை வருமாயின், ஒற்றைத் தலைவலி என்றோ கழுத்தெலும்புத் தேய்வு என்றோ முடிவு கட்டுமுன் கசிவையும் ஐயுற வேண்டும். கசிவு உறுதிப்பட்டால், அதன் இடத்தையும் காரணத்தையும் தேட வேண்டும். 'தானாக' என்னும் சொல் தேடலின் தொடக்கமாகட்டும், முடிவாக வேண்டாம்.