அமெரிக்க மருத்துவ பில்லில் 'அலர்ட்' குறியீடு: யாருக்கு எச்சரிக்கை?

அமெரிக்காவில் நோயாளியின் கைக்கு வரும் பில்லுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருக்கிறது.

காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்கு அனுப்பும் கணக்கு அது. 'ரெமிட்டன்ஸ் அட்வைஸ்' என்பார்கள். அதில் விளக்கத்தைவிடக் குறியீடுகளே அதிகம்.

அவற்றைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? கட்டத் தேவையில்லாத பணம் நோயாளியின் தலையில் விழலாம்.

2024 டிசம்பரில் யுனைட்டட்ஹெல்த்கேர் தலைமை நிர்வாகி பிரையன் தாம்சன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, காப்புறுதிக் கோரிக்கைகள் மறுக்கப்படுவது பற்றிய மக்களின் கோபம் வெளிப்படையாகத் தெரிந்தது. அந்த மறுப்புகள் பதிவாவதும் இதே தாளில்தான்.

காசு யார் கட்டணும்?

முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்.

'சிஓ' என்றால் ஒப்பந்தப்படி மருத்துவமனை விட்டுக்கொடுக்கும் தொகை. நோயாளியிடம் கேட்கக்கூடாது. 'பிஆர்' என்றால் நோயாளியின் பங்கு.

ஓர் உதாரணம். பில் 500 டாலர். ஒப்பந்த விலை 300 டாலர். வித்தியாசமான 200 டாலர் 'சிஓ 45' என்று கழியும். மீதியில் காப்புறுதி 240 டாலர் கொடுத்தால், நோயாளியின் 20 விழுக்காட்டுப் பங்கான 60 டாலர் 'பிஆர் 2' என்று வரும்.

'பிஆர் 1' என்பது டிடக்டிபள், அதாவது காப்புறுதி கைகொடுக்கும் முன் நோயாளி கட்டும் தொகை. சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் இந்த இரண்டு பங்குகளும் உண்டு.

அப்போ, 'அலர்ட்'?

இவை கூடுதல் குறிப்புகள். விளக்கம் 'அலர்ட்' என்ற சொல்லோடு தொடங்கும். இவற்றால் தொகை ஒரு காசுகூட மாறாது. ஆனால் அடுத்து என்ன செய்யணும் என்று சொல்லும்.

- எம்ஏ 01: முடிவில் உடன்பாடு இல்லையா? மேல்முறையீடு செய்யலாம். மெடிகேர் திட்டத்தில், முடிவு கிடைத்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம்.
- எம்ஏ 18: கோரிக்கை நோயாளியின் துணைக் காப்புறுதிக்கும் போகிறது. அதன் பதில் வரும்வரை பொறுப்பது நல்லது.
- என் 781: நோயாளி, வருமானம் குறைந்த மெடிகேர் பயனாளி. அவரிடம் டிடக்டிபள் தவறாக வாங்கப்பட்டதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். 'கியூஎம்பி' எனப்படும் அந்தப் பிரிவினரிடம், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கான டிடக்டிபளையோ மற்ற பங்குத் தொகையையோ கேட்கக் கூட்டரசுச் சட்டம் தடைவிதிக்கிறது. குறிப்பைக் கவனிக்காமல் பில் போனால், அதிகம் பாதிக்கப்படுவது கையில் காசில்லாத முதியவர்.

எங்கே சிக்கல்?

தொகை மாறாததால் அலர்ட் எளிதில் கண்ணில் படாமல் போகும். பில் அலுவலகம் தேடுவது பணம் வந்ததா, மறுக்கப்பட்டதா என்பதை. அலர்ட் அந்த இரண்டிலும் சேராது.

தாளும் நோயாளிக்கு வருவதில்லை. குறிப்பு போவது ஓர் இடம், பாதிப்பு இன்னோர் இடம்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை சென்னையிலும் நடக்கிறது. இரவு ஷிப்ட்டில் இந்தக் குறியீடுகளைப் படிப்பவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருக்கலாம்.

அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறீர்களா?

பில் வந்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். காப்புறுதி நிறுவனம் உங்களுக்குத் தனியாக அனுப்பும் விளக்கக் கடிதத்தில் 'நீங்கள் கட்ட வேண்டியது' என்ற தொகையைப் பாருங்கள். பில்லும் அதுவும் ஒத்துப்போகலையா? எந்தக் குறியீட்டின்படி இந்தத் தொகை என்று கேளுங்கள்.