ஓய்வுக்கும் ஒரு வேளை

“நன்றாக ஓய்வெடுங்கள்” என்பது வீடு திரும்பும் நோயாளிகள் அனைவருக்கும் சொல்லப்படும் அறிவுரை. கேட்பதற்கு எளிதான அந்த அறிவுரைதான் வீடுகளில் பெரும்பாலும் நிறைவேறாமல் போகிறது. மாத்திரைக்குக் காலை, மதியம், இரவு என வேளை குறிக்கப்படுகிறது. உணவுக்கு அளவு சொல்லப்படுகிறது. ஓய்வோ மற்ற வேலைகள் முடிந்து மிஞ்சும் நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஓய்வுக்கும் ஒரு வேளை வேண்டும், அந்த வேளையை வீட்டார் அனைவரும் காத்துத் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அதற்கு ஏற்ற வழியாக, ‘ரெஸ்டோரேட்டிவ் யோகா’ எனப்படும் ஓய்வு யோகத்தை முன்வைக்கிறோம்.

படுத்திருப்பதெல்லாம் ஓய்வாகிவிடாது. நாள் முழுதும் கட்டிலில் இருந்தாலும், மனம் மருத்துவச் செலவையும் அடுத்த பரிசோதனையையும் எண்ணிக்கொண்டிருந்தால் தாடை இறுகும், தோள்கள் உயரும், மூச்சு மேலோட்டமாகும். நம் தானியங்கு நரம்பு மண்டலத்தில் இரு பிரிவுகள் உண்டு. ஆபத்தை எதிர்கொள்ள உடலை ஆயத்தப்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். இதயத் துடிப்பைத் தணித்து, செரிமானத்துக்கும் உடலின் சீரமைப்புப் பணிகளுக்கும் வழிவிடுவது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். நோயும் கவலையும் முதற்பிரிவை ஓயாமல் தூண்டுகின்றன. அமைதியாக இரு என்று உடலுக்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை. ஆனால், தசைகள் எதையும் தாங்க வேண்டியிராத நிலையும் நிதானமான மூச்சும் அமையும்போது இரண்டாம் பிரிவு தானே மேலோங்குகிறது. மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே தணிவது இயல்பு என்பதால், வெளிமூச்சை மெல்ல நீட்டுவது இங்கே பயன் தருகிறது.

இம்முறை நோயுற்றோருக்கு அந்நியமானதன்று. 1918இல் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார், இளமையில் காசநோய் உள்ளிட்ட பல நோய்களால் நலிந்தவர். பின்னாளில் புணேயில் கற்பித்தபோது, வளைய இயலாதவர்களும் ஆசனத்தின் பயனைப் பெறும்பொருட்டுத் தலையணை, போர்வை, நாற்காலி, பட்டை ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். அவரிடம் பயின்ற அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர் ஜூடித் லாசட்டர், 1995இல் எழுதிய நூலின் வழியே இதனை ஓய்வுக்குரிய தனி முறையாகப் பரப்பினார். யோகம் என்றாலே உடலை வளைப்பது என்று எண்ணி ஒதுங்குவோர் இதனை அறிய வேண்டும். இங்கே வளைவதற்கும் நீட்டுவதற்கும் எதுவுமில்லை. உடலின் பாரத்தைத் தலையணைகள் ஏற்றுக்கொள்கின்றன.

தொடங்குவதற்குச் சாந்தி ஆசனமே போதும். சவாசனம் என்ற பெயர் சிலருக்குக் கலக்கம் தருவதால் இப்பெயரையே நாங்களும் விரும்புகிறோம். பாயிலோ கட்டிலிலோ மல்லாந்து படுத்து, முழங்காலின் அடியில் சுருட்டிய போர்வையை வையுங்கள். இடுப்பின் இறுக்கம் குறையும். தலைக்கு மடித்த துணி, கண்களின் மேல் மெல்லிய துண்டு. ஓய்வில் உடல் குளிருமாதலால் மேலே ஒரு போர்வை. 10 முதல் 20 நிமிடங்கள் இருங்கள். மூச்சை அடக்க வேண்டா. எழும்போது ஒருபுறமாகத் திரும்பி, கைகளை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்தே நில்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்குத் திடீரென எழுந்தால் தலைசுற்றக்கூடும்.

எல்லாருக்கும் ஒரே நிலை பொருந்தாது. மூச்சுத் திணறலோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகள் இடப்புறமாகப் படுப்பது நல்லது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் முழங்காலின் அடியில் தலையணை வைக்கலாகாது; கால் முழுமையாக நீள்வதற்கு அது தடையாகலாம். சுவரில் கால்களை உயர்த்தும் விபரீதகரணியைக் கண் அழுத்த நோய், இதயச் செயலிழப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். கண்ணை மூடியதும் அச்சமோ அழுகையோ மேலிட்டால் கண்களைத் திறந்தே இருங்கள். அது தொடர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

இது மருந்துக்கு மாற்று என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஓய்வு யோகம் கட்டியைக் கரைக்காது. சர்க்கரை நோயைப் போக்காது. மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தால் நடந்தே ஆக வேண்டும். நோயாலும் சிகிச்சையாலும் களைத்த உடலுக்கு இறுக்கத்திலிருந்து சிறிது விடுதலை கிடைக்கிறது. வலியைப் பொறுக்கவும் இரவில் உறங்கவும் அது துணைசெய்யலாம். அந்த அளவே அதனிடம் எதிர்பார்க்கிறோம், அதுவே சிறிதன்று.

நோயாளியைவிட அழுத்தமாக நாங்கள் பேச விரும்புவது உடனிருந்து பேணுவோரிடம். கட்டிலருகே தரையில் உறங்கி, அழைக்கும் முன்னே எழுந்து, தம் மாத்திரையை மறந்துபோகிறவர்கள் அவர்கள். “அவர் வலியில் கிடக்கும்போது நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?” என்ற குற்ற உணர்வு அவர்களைத் தடுக்கிறது. அந்த அன்பை மதிக்கிறோம். அதன் முடிவை ஏற்க மறுக்கிறோம். களைத்த கைகளுக்கு நோயாளியைத் தூக்கிவிடும் வலு குறையும். உறங்காத கண்கள் மருந்தின் அளவைப் பிழையாகப் படிக்கும். பேணுபவர் தளர்ந்தால் அந்த வீட்டில் இரு நோயாளிகள். படுக்க இடமில்லையெனில் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் வைத்த தலையணையில் கைகளை மடித்துத் தலைசாய்த்து 10 நிமிடங்கள் இருந்தாலும் நன்று.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. வேண்டுவது தடையற்ற 20 நிமிடங்கள். அவற்றை நோயாளி தனியே பெற இயலாது. அந்நேரத்தில் கைப்பேசியை அடக்கி வைப்பதும், நலம் விசாரிக்க வருவோரை வாசலிலேயே சற்று இருத்துவதும், அடுப்படி வேலையை வேறொருவர் ஏற்பதும் வீட்டாரின் கடமை. மாத்திரை அட்டவணையில் ஓய்வுக்கும் ஒரு கட்டம் வரையுங்கள். அதில் நோயாளியின் பெயருக்குக் கீழே, பேணுபவரின் பெயரையும் எழுதுங்கள்.