சாவி யார் கையில்?

அமெரிக்காவின் ‘அமைதிக்கு உணவு’த் திட்டத்தை ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்குக் கைமாற்றும் முயற்சி 2025-ல் தொடங்கியது. வாஷிங்டன் அலுவலகங்களுக்குள் கோப்பு மாறுகிறது, நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? பி.எல். 480 கோதுமைக்காக ரேஷன் கடை வரிசையில் நின்ற நாடல்லவா இது!

1954-ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் பெயரே ‘வேளாண் வணிக மேம்பாடு, உதவிச் சட்டம்’. வணிகம் முன்னே, உதவி பின்னே. விலைபோகாமல் தேங்கிய தானியத்துக்கு வழி தேடியபோது பிறந்த கருணை அது.

அதன் நன்கொடைப் பகுதியை, 1961-ல் தோன்றிய யு.எஸ். எய்டு நிறுவனம் நீண்ட காலம் நடத்தியது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. 48 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள உணவு துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் கெட்டுப்போகும் அபாயத்தில் இருப்பதாகப் பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அறிக்கை தந்தார். மறுநாளே அவர் பதவி பறிபோயிற்று. ஜூலை முதல் நாள் அந்நிறுவனமும் முடிந்துபோனது. உணவுத் திட்டத்தை வேளாண்மைத் துறையிடம் கொடுக்கும் மசோதாவோ பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. முன்னின்றவர்களில் கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்து உறுப்பினர்கள் உண்டு.

உழவர் ஆதரவு இருந்தால்தான் திட்டம் பிழைக்கும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேளாண்மைத் துறையின் முதற்கடமை தன் நாட்டு உழவனுக்கு விலை கிடைக்கச் செய்வது. பசித்தவனுக்கு அருகிலேயே தானியம் மலிவாகக் கிடைத்தாலும், கடல் கடந்து கப்பலில் வருவதைத்தானே அது விரும்பும்?

நம் அனுபவம் என்ன? 1960-ல் உணவமைச்சர் எஸ்.கே. பாட்டீல் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கு ஒப்பந்தம் செய்துவந்தார். 1965-ல் மழை பொய்த்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு மறுத்து, கப்பல்களைச் சிறுகச் சிறுக விடுவித்தார். வியட்நாம் போர் பற்றி நாம் பேசியதும் அவருக்குக் கசந்தது. அந்த நவம்பரில் ரோமில் நம் சி. சுப்பிரமணியம் பேச்சு நடத்தியது யாருடன்? அமெரிக்க வேளாண்மை அமைச்சர் ஃப்ரீமனுடன். ஆயினும் கயிற்றின் நுனி ஜான்சன் கையில்தான் இருந்தது.

ஆகவே, சாவி எந்தத் துறையிடம் என்பதைவிட, அது எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்பதே முக்கியம். ஒப்புக்கொண்ட உணவை இடையில் நிறுத்தக் கூடாது; அருகில் கிடைக்குமிடத்தில் வாங்கத் தடை கூடாது. இவ்விரண்டும் சட்டத்தில் ஏறட்டும். ஆப்கானிஸ்தானுக்கு 2022-ல் 50,000 டன் கோதுமை அனுப்பத் தொடங்கிய இந்தியா, இதை உலக மன்றங்களில் உரக்கச் சொல்ல வேண்டும். கையேந்தி நின்றவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?