பிடித்த வரி எங்கே?

சினிமாக்காரரின் வருமான வரி என்றதும் நக்ஷத்திர நடிகர்களின் மாளிகைகளில் நடக்கும் சோதனைகளே ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. கோடம்பாக்கத்தில் படத்துக்குப் படம் ஒப்பந்தம் பேசிப் பிழைக்கும் உதவி டைரக்டரையும் எடிட்டரையும் வசனகர்த்தாவையும் நினைப்பார் இல்லை. இவர்கள் மாதச் சம்பளக்காரர் அல்லர். 1962-ம் வருஷத்து வருமான வரி விதிகள் இவர்களைச் சுயேச்சையாகத் தொழில் செய்யும் சினிமாக் கலைஞர்களாகவே வகுத்தன. ஆகவே ஊதியம் கொடுக்கும்போதே நூற்றுக்கு 10 வீதம் வரியாகப் படமுதலாளி பிடித்துக்கொள்கிறார்.

ஓர் உதவி டைரக்டருக்கு 2025-26-ல் 5 லக்ஷம் ரூபாய் வரும்படி என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 50,000. புதிய வரித் திட்டத்தில் அவ்வருஷத்துக்கு 12 லக்ஷம் வரை வரியில்லை. ஆகையால் முழுத் தொகையும் அவருக்குத் திரும்பவேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து பெறுவதையாவது சகிக்கலாம். பிடித்த பணத்தைப் படமுதலாளி கஜானாவில் கட்டவேயில்லை என்றால்? படம் பாதியில் நின்று, கடன் கொடுத்தவர் கழுத்தைப் பிடிக்கும்போது, எளிதில் கைக்கு எட்டும் பணம் இதுவன்றோ!

சட்டம் இதில் மௌனமாக இருக்கவில்லை. பிடிக்கப்பட்ட அளவுக்கு வரியை மறுபடியும் கேட்கலாகாது என்று 1961-ம் வருஷச் சட்டத்தின் 205-வது பிரிவு விதித்தது. அத்தகைய பாக்கியை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாமென்று 2015 ஜூனில் மத்திய நேர்முக வரி போர்டும் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் பயன் யாருக்கு? வரி கட்டக் கடமைப்பட்டவருக்கு. வரியே இல்லாதவரிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. அவருடைய பணத்தை அவருக்குத் திருப்புவதே விஷயம். அங்கே, "கஜானாவில் வரவு இல்லை" என்று இலாகா கையை விரிக்கிறது. ஹைகோர்ட்டில் பரிகாரம் கிடைக்கலாம். 50,000 ரூபாய்க்கு ஹைகோர்ட்டா என்று வக்கீலாகிய நாமே கேட்போம். படமுதலாளியின் மீது வழக்காடலாமே எனில், அடுத்த படத்துக்கும் அவர் வாசலில்தானே நிற்கவேண்டும்?

ஸர்க்காரின் ஏஜெண்டாக நின்றே படமுதலாளி வரியைப் பிடிக்கிறார். ஏஜெண்டின் கையில் சேர்ந்தது எஜமானனிடம் சேர்ந்ததே என்பது சட்டத்தின் பாலபாடம். இருவரும் கூடிப் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்ற ஆக்ஷேபம் வரலாம். ஒப்பந்தமும் குறைந்த தொகை வந்த பாங்குக் கணக்கும் இருக்கையில் அதைச் சோதிப்பது கஷ்டமன்று. அவற்றைக் காட்டுவோருக்கு ஸர்க்கார் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு படமுதலாளியைப் பிடிக்கட்டும். பிடித்த வரியைக் கட்டாதவருக்கு 3 மாதம் முதல் 7 வருஷம் வரை கடுங்காவல் என்று அந்த 1961-ம் வருஷச் சட்டமே சொல்லியிருந்தது. வசூலிக்க வழியில்லை என்று இலாகா சொல்வதற்கில்லை.