ஏலத்தில் போன எமன்



காயலான் கடையில் வேலை செய்பவன் கண்ணுக்கு எல்லாம் இரும்புதான். அது எந்த ஆபீசிலிருந்து வந்தது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்வார் யார்? சொல்வார் இல்லாததால் 2010இல் டில்லி மாயாபுரியில் ஒரு தொழிலாளி உயிரை விட்டார்.

டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர் இயந்திரம் ஒன்று 1985 முதல் சும்மா கிடந்தது. உள்ளே கோபால்ட்-60. பேராசிரியர்களும் அதிகாரிகளும் நிறைந்த அந்த நிறுவனம், 2010 பிப்ரவரியில் அதை இரும்போடு இரும்பாக ஏலம் விட்டது. மாயாபுரியில் ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். உள்ளிருந்த துண்டுகள் கைமாறின. ஒருவர் ஒரு துண்டைப் பணப்பையில் போட்டுக் கால்சட்டைப் பின்பையில் வைத்திருந்தார். தோல் வெந்தது, முடி உதிர்ந்தது, வாந்தி நிற்கவில்லை. ஏழு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஏப்ரல் 26ஆம் தேதி ஒருவர் இறந்தார். அவர் பேராசிரியர் அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

கோபால்ட்-60இன் வீரியம் ஐந்தே கால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அப்படியென்றால் 25 ஆண்டு தூங்கி, முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சிய வீரியம்தான் ஆளைக் கொன்றது!

"கூலிக்காரனின் அறியாமை" என்று அப்போது எத்தனை பேர் பேசினார்கள்! அறியாமை யாருடையது ஐயா? நான் ரயில்வே குமாஸ்தா. 'பழைய சாமான், ஒரு லாட்' என்று ஏலப் பட்டியல் எழுதுவது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டைப் புரட்டி ஒவ்வொன்றும் என்ன என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையைச் செய்யாதவன் கையெழுத்துப் போட்டான்; மாயாபுரிக்காரன் செத்தான். 1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் இதே கதைதான். கைவிடப்பட்ட மருத்துவமனை இயந்திரம், பழைய இரும்பு பொறுக்கியவர்கள், நான்கு சாவு.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ கம்பெனிச் சுரங்கத்திலிருந்து லாரியில் போன சீசியம்-137 குமிழ் வழியில் விழுந்தது. நீளம் 8 மில்லிமீட்டர்தான். 1400 கிலோமீட்டர் பாதையைக் கருவிகளோடு சல்லடை போட்டு, பிப்ரவரி 1ஆம் தேதி சாலையோரத்திலிருந்து எடுத்தார்கள். அங்கேயும் அன்றைய சட்டப்படி அபராதம் வெறும் 1000 டாலர் என்பது தனிக்கதை. ஆனால் தேடினார்கள், ஊருக்குச் சொன்னார்கள்.

நம் லம்பா லைன் குடும்பங்களுக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். ஒப்பந்த வேலைக்கும் பழைய இரும்பு உடைக்கவும் போகிறவர்கள் நம் பிள்ளைகள். குழாய் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம்-192 பெட்டி வரும் இடங்களிலும் சுமை தூக்குவது அவர்களே. விசிறி போன்ற மூன்று இதழ்ச் சின்னம் அபாயம் என்பதை அவர்களுக்கு யார் சொன்னது? 2007இல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்புச் சின்னத்தைக் கொண்டுவந்தது, எழுத்துப் படிக்காதவருக்கும் புரியட்டும் என்றுதான்.

அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ அந்தச் சின்னமோ கண்டால் வெட்டாதீர்கள், தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். கதிர் இயந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகமும் அதன் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்; கதிர்மூலம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடாமல் எந்த அதிகாரியும் ஏலம் விடக் கூடாது. இந்த இரண்டையும் மனுவாக எழுதி நிர்வாகத்திடம் கொடுப்போம். கையெழுத்து வாங்க வீடு வீடாக வருகிறோம்.